நான்காம் மாடியிலும் நான்

1

போன வியாழக்கிழமை காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு நான் இரண்டு இடங்களில் இருந்திருக்கிறேன். இரண்டாம் மாடியில் ஒரு அம்மையாருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். அதே நிமிடம் நான்காம் மாடியில் ஒரு பெரியவரைப் புரட்டிப் படுக்க வைத்துக்கொண்டும் இருந்தேன். இதை நான் சொல்லவில்லை, நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் கம்ப்யூட்டர் சொல்கிறது.

எங்கள் ஊர் மாத்தளையில் ஒருத்தி இப்படி இரண்டு இடத்தில் காட்சி கொடுத்திருந்தால் நாலு பேர் கற்பூரம் கொளுத்தி உண்டியல் வைத்திருப்பார்கள். கனடாவில், இந்த வின்னிபெக்கில், கடிதம் கொடுத்தார்கள். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேலாளரின் அறைக்கு வரவேண்டும், விரும்பினால் தொழிற்சங்கத்தில் ஒருவரை உடன் அழைத்து வரலாம் என்று அதில் இருந்தது. சங்கத்து ஆளைக் கூட்டிவரச் சொன்னால் விஷயம் சின்னதல்ல என்று தேயிலைத் தோட்டத்தில் பிறந்த எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அந்த வெள்ளிக்கிழமையோடு நான் இந்தக் குளிர் தேசத்துக்கு வந்து பதினேழு வருடம். சாயங்காலம் பாயாசம் வைக்கலாம் என்று சவ்வரிசி வாங்கி வைத்திருந்தேன். கடிதத்தைப் படித்துவிட்டும் வைத்தேன். கோபம் வந்தால் நான் நன்றாகச் சமைப்பேன் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

2

என்ன நடந்தது என்பதை ஒழுங்காகச் சொல்கிறேன்.

இல்லத்தில் நாங்கள் செய்யும் ஒவ்வொரு வேலையையும் எழுதி வைக்க வேண்டும். யார் எவ்வளவு சாப்பிட்டார், எத்தனை கிளாஸ் தண்ணீர் குடித்தார், எத்தனை மணிக்குப் புரட்டிப் படுக்க வைத்தோம், எல்லாம். இத்தனை காலம் அதைக் காகிதத்தில் எழுதினோம். இந்த மாதம் ஆளுக்கொரு கைக்கணினி கொடுத்துவிட்டார்கள். உள்ளங்கை அளவுதான் இருக்கும், ஒரு சிறு குச்சியால் தொட்டு எழுத வேண்டும். எழுதியது வயர்லெஸ் வழியாக அலுவலகத்துக்குப் போய்ச் சேரும். செவ்வாய்க்கிழமையிலிருந்து காகிதம் கிடையாது என்று அறிவித்தார்கள்.

முதல் தலைவலி அந்தக் கருவியை வயர்லெஸில் சேர்ப்பது. எங்கள் வீட்டிலும் வயர்லெஸ் இருக்கிறது. மகள் ரேணு பூட்டி வைத்திருக்கிறாள். வீடு முழுவதுக்கும் ஒரே பாஸ்வேர்ட், அதைத் தெரிந்தவர் எவரும் உள்ளே வரலாம். இல்லத்தில் அப்படி இல்லை. நோயாளிகளின் விவரம் போகும் வழி என்பதால் ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்ட். பதினான்கு படிகள் அச்சடித்த தாள் ஒன்றையும், பாஸ்வேர்ட் எழுதிய சின்னத் துண்டு ஒன்றையும் கையில் கொடுத்தார்கள்.

தாளைப் பார்த்து வயர்லெஸின் பெயரைத் தொட்டேன். எந்த வகைப் பாதுகாப்பு என்று கேட்டது. தாளில் இருந்த எழுத்துகளையே தேடித் தொட்டேன். அதற்குள் இன்னொரு வகை, அதற்குள்ளும் இன்னொன்று. வெங்காயம் உரிப்பதுபோலப் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் அடையாளம் என்ன என்று கேட்டது. குடும்பப் பெயர், அதன் பின்னால் சொந்தப் பெயரின் முதல் எழுத்து என்று தாளில் போட்டிருந்தது.

குடும்பப் பெயர் என்ற ஒன்று நம்மிடம் ஏது? என் பெயர் பூமணி. அப்பா பெயர் ராமையா. கனடாவுக்கு வந்தபோது புருஷன் பெயரான சுப்பையாவை என் வாலில் கட்டிவிட்டார்கள். முதல் வருடம் ஆஸ்பத்திரியில், பேங்கில், எங்கே யார் சுப்பையா என்று கூப்பிட்டாலும் அவர் வந்திருக்கிறாரா என்று நான் திரும்பிப் பார்ப்பேன். ஒருமுறை நாற்பது நிமிடம் அப்படிப் பேசாமல் உட்கார்ந்திருந்து என் முறையையே விட்டிருக்கிறேன். இப்போது பழகிவிட்டது. சுப்பையா, பின்னால் பி என்று போட்டேன்.

அடுத்து வந்ததுதான் எனக்குப் பிடித்தது. வயர்லெஸ் தன்னுடைய சான்றிதழை எனக்குக் காட்டியது. இதை நம்புகிறாயா, ஆமா, இல்லையா என்று கேட்டது. நான் சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். மாத்தளை பஸ் ஸ்டாண்டில் எத்தனை தடவை அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். கேட்ட போலீஸ்காரர் ஒருநாளாவது முதலில் தன் அட்டையைக் காட்டியதுண்டா? இந்தப் பெட்டி காட்டுகிறது. முழுவதும் படித்துப் பார்த்துவிட்டு, பெரிய மனது பண்ணி, ஆமா என்று தொட்டேன்.

இணைந்துவிட்டது. எங்கள் மாடியில் முதலில் இணைத்தது நான்தான். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் நாலு பெண்களுக்கு நானே செய்து கொடுத்தேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு இந்தப் பெருமை போதாதா?

3

அல்மாஸ் எத்தியோப்பியாவிலிருந்து வந்தவள். வயது முப்பது இருக்கும். நான்காம் மாடியில் வேலை. சேர்ந்து இரண்டரை மாதம்தான் ஆகிறது. மூன்று மாதம் பார்த்துவிட்டு, பதிவுகளைப் புரட்டி, வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு என்னோடு உட்காருவாள். அவர்களுடைய புளித்த மாவு ரொட்டி நம் தோசைக்குத் தம்பி முறை என்பதால் எங்களுக்குள் உறவு பலமானது.

செவ்வாய்க்கிழமை காலை அவள் கருவியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள். தாளில் சொன்னபடி எல்லாம் செய்தாளாம், மூன்று தடவையும் வயர்லெஸ் அவளைச் சேர்க்க மறுத்துவிட்டதாம். நானும் முயன்று பார்த்தேன், நடக்கவில்லை. இதைப் பார்க்கும் ஜஸ்பீர் என்ற பஞ்சாபிக்காரர் திங்கட்கிழமைதான் வருவார். அதுவரை அவள் செய்யும் வேலை எதுவும் பதிவாகாது. பரீட்சையில் இருக்கிற பெண், பதிவில் வெறுமை. அவள் கண் கலங்கிவிட்டது.

நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. அவள் கருவியில் என் பெயரையும் என் பாஸ்வேர்டையும் போட்டேன். உடனே இணைந்தது. போய் வேலையைப் பார் என்று அனுப்பினேன்.

இங்குள்ளவர்களுக்கு இது பெரிய குற்றம். எனக்கு அது பழக்கம். ரத்தோட்டைக்கு மேலே நாங்கள் இருந்த தோட்டத்தில் காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுவார்கள். ஆள் இல்லையென்றால் அன்றைக்குப் பேர் இல்லை, சம்பளமும் இல்லை. பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு ஓடி வருகிறவள் இரண்டு நிமிடம் பிந்தினால், கூட்டத்துக்குள்ளிருந்து யாராவது ஒருத்தி குரலை மாற்றிக்கொண்டு அவளுக்காகப் பதில் கொடுப்பாள். நானே கொடுத்திருக்கிறேன். சாயங்காலம் கொழுந்து நிறுக்கும்போது ஒருத்தியின் கூடை குறைந்தால் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். அதனால் வரிசையில் நிற்கும்போதே ஆளுக்கு ஒரு கை அள்ளி அவள் கூடையில் போட்டுவிடுவோம். நிறுத்து எழுதும் கணக்கப்பிள்ளைக்குத் தெரியும். மனம் இருந்தால் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

அப்படி வளர்ந்தவள் நான். ஒருத்தி பேர் இல்லாமல் நிற்கும்போது என் பேரைக் கொடுப்பதில் என்ன தப்பு? செவ்வாய், புதன், வியாழன், மூன்று நாளும் அவள் நான்காம் மாடியில் சந்தோஷமாக வேலை செய்தாள். நான் இரண்டாம் மாடியில் என்னையே மெச்சிக்கொண்டு வேலை செய்தேன். வெள்ளிக்கிழமை, அவளுடைய ஓய்வு நாளில், எனக்குக் கடிதம் வந்தது.

4

வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரர் பாயாசக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வேலியில போன ஓணான எடுத்து மடியில விட்டுக்கிட்டிருக்க. ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிரு."

ரேணுவுக்குப் பத்தொன்பது வயது. பல்கலைக்கழகத்தில் அவளை ரெனே என்று கூப்பிடுகிறார்களாம். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும், அதுவும் பாதி கதவுக்குப் பின்னாலிருந்து வரும். அன்று கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். பாஸ்வேர்டைக் கொடுத்ததாக ஒத்துக்கொண்டால் வேலை போகும் என்றாள். நான் தட்டும்போது யாரோ தோளுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்க வேண்டும் என்று சொல்லச் சொன்னாள். மாதக் கணக்கில் அவள் என்னிடம் இவ்வளவு பேசியதில்லை. அக்கறையில்தான் சொல்கிறாள் என்று சந்தோஷமாகவும் இருந்தது, சொன்ன விஷயம் நெஞ்சில் முள்ளாகவும் இருந்தது. தோளுக்குப் பின்னால் நின்ற யாரோ என்றால் அது அல்மாஸ்தானே. நான் தப்பிக்க அவளைத் திருடியாக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மாத்தளைப் பக்கம் அலுவிகாரைக்குப் போன் எடுத்தேன். அங்கே என் தங்கை கமலா இருக்கிறாள். வாரம் ஒருமுறை பேசுவோம். மிளகு விலை, சோதனைச் சாவடி, யார் வீட்டில் கல்யாணம் என்று அவள் சொல்வாள். பனி, பஸ், ரேணு என்று நான் சொல்வேன். அன்று நடந்ததை எல்லாம் சொன்னேன். உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். நம்ம பெரட்டுப் பழக்கம் கனடா வரைக்கும் வந்துவிட்டது பார் என்று சிரித்தேன்.

கமலா சிரிக்கவில்லை. அந்தப் பெண் மூன்று நாள் செய்த வேலை எந்தப் பேரில் ஏறியிருக்கிறது என்று கேட்டாள். என் பேரில்தான் என்றேன்.

"அப்ப அவ எடுத்த கொழுந்த ஒம் பேருல போட்டுக்கிட்டியாக்கா?"

போனை வைத்துவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்தேன்.

இதை உங்களுக்கு விளக்க வேண்டும். தோட்டத்துச் சனங்கள் பலரைப் போல எங்கள் அம்மாவுக்கும் பிரஜாவுரிமை இருக்கவில்லை. வாக்கு இல்லை, பாஸ்போர்ட் இல்லை, அடையாள அட்டை இல்லை. அவள் பெயர் எழுதியிருந்த ஒரே புத்தகம் தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோல்தான். ஒரு வருடம் எங்கள் மலைக்கு வந்த கணக்கப்பிள்ளைக்கு வேண்டியவள் ஒருத்தி இருந்தாள். அம்மா எடுத்த கொழுந்தில் கொஞ்சத்தை அவள் பேரில் எழுதிவிட்டு அம்மாவுக்கு அரைப் பேர் போட்டார். அம்மா அதிர்ந்து பேசாதவள். அன்றைக்கு வெறுங்கூடையைத் தூக்கி அவர் காலடியில் வீசினாள். "நான் மலையிலதாய்யா நின்னேன். நான் நின்னது பொய்யா?" என்று கேட்டாள். எனக்கும் கமலாவுக்கும் அது மறக்காது. அன்றைய அரைச் சம்பளத்தைப் பற்றி அம்மா பிறகு பேசவே இல்லை. நின்றதை இல்லையென்று எழுதினானே என்றுதான் சாகும்வரை சொன்னாள்.

பெரட்டில் நாங்கள் கொடுத்தது குரல். பேர் பிந்தியவளுக்குத்தான் விழுந்தது. கூடையில் போட்ட கொழுந்தும் அவள் கணக்கில்தான் ஏறியது. நான் இங்கே செய்தது நேர்த் தலைகீழ். அல்மாஸின் உழைப்பு முழுவதும் எனக்கு விழுந்திருக்கிறது. கேட்டைத் திறக்கத்தான் அந்தப் பெயர் என்று நினைத்திருந்தோம். உள்ளே நடந்ததையெல்லாம் கருவி அந்தப் பெயரிலேயே எழுதிக்கொண்டு போயிருக்கிறது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கைப் பிடித்துவிட்டேன், அதுவும் அம்மாவுக்கு அநியாயம் செய்த குரங்கை.

5

திங்கட்கிழமை சங்கத்து ஆளைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. மேலாளர் மார்கரெட் நல்ல மனுஷி. மேசையில் எப்போதும் ஒரு கிண்ணம் இனிப்பு வைத்திருப்பார். அன்றைக்குக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளவில்லை. ஜஸ்பீரும் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார்.

கருவியை எங்கேயாவது மறந்து வைத்தேனா என்று மார்கரெட் கேட்டார். அவரே ஒரு வாசலைத் திறந்துவிட்டார், நுழைந்து தப்பியிருக்கலாம். இல்லை, நானே கொடுத்தேன் என்றேன். யாருக்கு, ஏன் என்று எல்லாம் சொன்னேன். பெரட்டு, அரைப் பேர், பால் கொடுக்கும் பெண் என்று என் ஆங்கிலத்தில் தட்டுத் தடுமாறி விளக்கினேன். அவர் எழுதிய குறிப்பை எட்டிப் பார்த்தேன். பாஸ்வேர்டைப் பகிர்ந்தார் என்று ஒரே வரிதான் இருந்தது.

பிறகு நான் ஒன்று கேட்டேன். அந்த மூன்று நாளில் அல்மாஸ் பேரில் என்ன இருக்கிறது? ஜஸ்பீர் தேடிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. மார்கரெட் தயங்கிவிட்டு, அதைத் தானும் கவனித்ததாகவும், புதன்கிழமை அவளைக் கூப்பிட்டு அது பற்றிப் பேச இருந்ததாகவும் சொன்னார். என்ன பேச இருந்தார் என்று நான் கேட்கவில்லை. மூன்று மாதப் பரீட்சையில் மூன்று நாள் வேலையே செய்யாதவளிடம் என்ன பேசுவார்கள்?

அல்மாஸை வரச் சொன்னார்கள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். ஜஸ்பீர் திரையை அவள் பக்கம் திருப்பினார். நான்காம் மாடி, காலை, மத்தியானம், ஒவ்வொரு அறையாக அவள் செய்த வேலை வரிசையாக இருந்தது. ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் என் பெயர் இருந்தது. அவள் வெகு நேரம் பார்த்தாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"நான் வந்தேன்," என்றாள் மெதுவாக. "மூன்று நாளும் நான் இங்கேதான் இருந்தேன்."

அம்மா சொன்னதையேதான் அவளும் சொன்னாள், வேறொரு பாஷையில். எனக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. பதினேழு வருடத்தில் இந்த நாட்டில் நான் அழுதது மூன்றோ நாலோ தடவைதான். அதில் அது ஒன்று.

அழுதுகொண்டே ஜஸ்பீரிடம் சண்டை பிடித்தேன். எல்லோருக்கும் திறந்த கதவு இவளுக்கு மட்டும் ஏன் திறக்கவில்லை என்று கேட்டேன். அவர் பட்டியலில் தேடினார். அல்மாஸ் என்று தேடினார், அவளுடைய அப்பா பெயரான தெஸ்ஃபாயே என்று தேடினார். அப்படி யாருமே இல்லை என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளிடம் பாஸ்போர்ட்டில் உள்ள முழுப் பெயரைச் சொல்லச் சொன்னேன். சொந்தப் பெயர், பிறகு அப்பா பெயர், பிறகு அப்பாவின் அப்பா பெயர். அவர்கள் நாட்டிலும் நம்மைப் போலத்தான், குடும்பப் பெயர் கிடையாது. இங்கே எது கடைசியில் நிற்கிறதோ அதுதான் குடும்பம்.

"அவளுடைய தாத்தாவைத் தேடுங்கள்," என்றேன்.

ஜஸ்பீர் பெக்கெலே என்று தட்டினார். வந்துவிட்டது. பின்னால் ஏ என்ற எழுத்தோடு, இத்தனை நாளாக யாரும் தொடாமல் காத்திருந்திருக்கிறது. தன் தாத்தா தான் பிறப்பதற்கு முன்பே செத்துப்போனவர் என்றும், அவரை வைத்து யாரும் தன்னைக் கூப்பிட்டதில்லை என்றும் அல்மாஸ் சொன்னாள். தாளில் கேட்ட குடும்பப் பெயருக்கு அவள் அப்பா பெயரைப் போட்டிருக்கிறாள், அதுதானே இயற்கை. அந்தப் பெயரை மாற்றிப் போட்டதும் கருவி சான்றிதழைக் காட்டியது. அவள் ஆமா என்று தொட்டாள். அரை நிமிட வேலை.

சுப்பையா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தவள் நான். இந்தச் சிக்கல் எனக்குத் தெரியாததா? ஒன்றாக உட்கார்ந்து இரண்டரை மாதம் சாப்பிட்டிருக்கிறோம். உன் முழுப் பெயர் என்ன என்று ஒருநாள் கேட்டிருந்தால் செவ்வாய்க்கிழமையே முடிந்திருக்கும். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. என் பேரைக் கொடுக்க இருந்த அவசரம் அவள் பேரைக் கேட்க இருக்கவில்லை.

6

வேலை அதோடு முடியவில்லை. கம்ப்யூட்டரில் ஏறிய பேரை மாற்ற முடியாது என்றார் ஜஸ்பீர். அப்படியானால் வேறு வழி சொல்லுங்கள் என்று நான் எழுந்திருக்க மறுத்துவிட்டேன். எனக்கு மன்னிப்பு வேண்டாம், அவள் பேர் அவளுக்கு வேண்டும் என்றேன். கடைசியில் மார்கரெட் ஒரு படிவத்தை எடுத்தார். தவறான பதிவைத் திருத்தும் படிவம். ஒரு பதிவுக்கு ஒரு தாள், ஒவ்வொன்றிலும் இரண்டு பேர் கையெழுத்து. காகிதம் ஒழிந்தது என்று கொண்டாடிய ஒரே வாரத்தில் மறுபடியும் காகிதம்.

வேலை முடிந்தபின் இரண்டு நாள் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து எழுதினோம். முதல் நாள் அல்மாஸ் அதிகம் பேசவில்லை. நான் வாசிப்பேன், அவள் எழுதுவாள், இருவரும் கையெழுத்துப் போடுவோம். நான்காம் மாடியில் யாருக்கு எந்தப் பக்கம் படுத்தால் வலிக்கும், யார் தேநீரைக் குடித்ததாகச் சொல்லிவிட்டுப் பூச்செடிக்கு ஊற்றுவார் என்று ஒவ்வொரு தாளிலும் அவள் கவனித்தது இருந்தது. நான் செய்யாத நல்ல வேலைகள் எத்தனை என் பேரில் இருந்தன என்று எண்ணியபோது கூச்சமாக இருந்தது. இரண்டாம் நாள் அவள் ரொட்டி கொண்டு வந்தாள். நான் மிளகு போட்ட உருளைக்கிழங்கு கொண்டு போனேன். பேச்சும் தானாக வந்தது.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார், பிறகு நல்லதுதான் செய்தாய் என்றார். இரவுச் சாப்பாட்டின்போது ரேணு, அம்மம்மாவின் முழுப் பெயர் என்ன என்று தமிழில் கேட்டாள். சொன்னேன். அவள் அதை ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

இன்று எனக்கும் அல்மாஸுக்கும் ஒரே நேரத்தில் கடிதம் வந்தது. மூன்று மாதம் முடியும் முன்பே அவளை நிரந்தரமாக்கிவிட்டார்கள், பெயர் முழுவதும் தாத்தாவோடு சேர்த்து எழுதியிருந்தது. எனக்கு வந்தது எச்சரிக்கை. இரண்டு வருடம் என் கோப்பில் இருக்கும். பதினேழு வருடத்தில் முதல் கறுப்புப் புள்ளி. என் வேலை பிழைத்ததே பெரிது, எனக்கு வருத்தமில்லை. பொய் சொல்லித் தப்பியிருந்தால் இந்நேரம் தோசையும் இறங்கியிருக்காது.

அல்மாஸ் என் கடிதத்தை வாங்கிப் படித்தாள். அவள் முகம் சிவந்தது. இதில் தனக்கும் பங்கு உண்டு, தன் பேரையும் போடும்படி மார்கரெட்டிடம் கேட்கப் போவதாகச் சொல்லி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"இது நான் செய்தது," என்றேன். "இது என் பேரிலேயே இருக்கட்டும்."